வீட்டிலே ஓர் அச்சுக்கூடம்

பொங்கல் வாழ்த்து அட்டை வாங்குவதற்கென்று கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் இப்போது வெகு சிலர். முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன்னால், மார்கழி பிறந்ததும் கோயமுத்தூர்க் கடைவீதிகளில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பொங்கல் பானை, உதய சூரியன், இரண்டு கரும்பு, ஒரு ஜோடி மாடு. இவை அலுத்துப் போனவர்களுக்குச் சினிமா நட்சத்திரங்கள்! பெரும்பாலானவை சிவகாசியில் அச்சானவை. தீப்பெட்டிக்கு லேபிள் அடித்துப் பழகிய அவ்வூர், காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் முன்னேறித் தமிழ்நாடு முழுவதற்கும் வர்ணப் படம் வழங்கிற்று. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஒரே அட்டை தஞ்சாவூரிலும் விலைபோக வேண்டும், தாராபுரத்திலும் விலைபோக வேண்டும் என்றால், அதில் எந்த ஊரின் ஜாடைதான் இருக்க முடியும்?

பிறகு கைப்பேசி வந்தது. தை முதல் நாள் விடியுமுன் ஒரு படம் வருகிறது. அதையே நாற்பது பேருக்குத் தள்ளிவிடுகிறோம். மத்தியானத்துக்குள் அது வேறு யாரோ ஒருவர் பெயரில் நமக்கே திரும்பி வந்து சேர்கிறது!

1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஹார்ஸ்லி என்ற சித்திரக்காரரைக் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்று தயாரித்தார். சுமார் ஆயிரம் பிரதிகள். விலை பிரதிக்கு ஒரு ஷில்லிங். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். நடுவே ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி. அனுப்புகிறவர் பெயரையும் பெறுகிறவர் பெயரையும் கையால் எழுத அதில் இடம் விட்டிருந்தார்கள். அச்சிட்ட அட்டையானாலும் கையெழுத்தின் சம்பந்தம் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

குழந்தைகளின் பள்ளிக்கூட வேலைக்காக இப்போது பல வீடுகளில் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் அது துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்பினால் நம் வீட்டுக்கு, நம் ஊருக்கு ஏற்ற அட்டையை நாமே அச்சிட்டுக்கொள்ளலாம்.

எந்தப் படம் போடுவது? கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. மார்கழியின் கடைசி நாளில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டிலும் தோட்டத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் செருகும் காப்புக்கட்டு. பட்டிப் பொங்கலன்று சாணத்தால் கரை கட்டிய சிறு தெப்பக்குளத்தை மாடுகள் மிதித்துச் செல்வது. பெண் குழந்தைகள் கூடிப் போகும் பூப்பறிக்கிற நோம்பி. கடை அட்டையில் இவற்றை யார் கண்டார்கள்? பெங்களூரில் வளரும் பேரக் குழந்தைக்குப் போகி தெரிகிறது, காப்புக்கட்டு தெரிவதில்லை. அப்பத்தாவோ அமுச்சியோ வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு. அவர்கள் சொல்லட்டும், குழந்தை வரையட்டும். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, சுமார் ஆறு மாதத்தில்தான் மயிலை நிறத்துக்கு மாறும் என்பது போன்ற செய்தியெல்லாம் அப்போது தானாக வெளியே வரும்.

உள்பக்கத்தில் இரண்டு வரி அந்தப் பாட்டியின் கையெழுத்திலேயே வேண்டும். அதை ஸ்கேன் செய்தோ கைப்பேசியில் படம் பிடித்தோ அச்சிடலாம். "நோம்பி" என்று எழுதினால் "நோன்பு" என்று திருத்தப் புகும் புத்திசாலிகளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுவது நல்லது. மற்ற எழுத்துக்களை யூனிகோடு முறையில் அமைத்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும்.

இனி வேலை முறை. ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் மடித்தால், பத்துத் தாளில் இருபது அட்டை. சதுர மீட்டருக்கு 200 கிராம் கனமுள்ள தாள் போதும். அதைவிடத் தடித்த அட்டை பல வீட்டு யந்திரங்களின் உருளைகளில் சிக்கிக்கொள்ளும். படம் வலப்பாதியில் வரவேண்டும். இடப்பாதி மடித்தபின் முதுகாகிவிடும். முதலில் சாதாரணத் தாளில் ஒன்று அடித்து மடித்துப் பார்த்துவிட்டால் தலைகீழ் வாழ்த்துக்கள் பிறவாமல் தப்பிக்கலாம். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறிக்கொண்டால் விளிம்பு வெடிக்காது. பக்கம் முழுவதும் சிவப்பு பூசினால் மை ஒரே நாளில் தீர்ந்துபோகும். கோட்டுச் சித்திரமே சிக்கனம். பூளைப்பூவுக்குக் காகிதத்தின் வெண்மையே பொருத்தமான வர்ணம்.

உள்ளே ஒட்டும் மெல்லிய தாளுக்குக் கரூர் ஜில்லாக் காகிதபுரத்தை நினைத்துக்கொள்ளலாம். கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்ய 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு காகித ஆலை அங்கேதான் இருக்கிறது. கரும்பின் படத்தை அச்சிடுவதைவிடக் கரும்பிலேயே அச்சிடுவது விசேஷமல்லவா?

அட்டை ஆறே கால் கிராம், உள்தாள் இரண்டரை கிராம், உறை ஐந்து கிராம் என்று வைத்தாலும் 20 கிராமுக்குள் அடங்கிவிடும். தபால் செலவு ஏறாது. மை நன்றாகக் காய்ந்தபின் உறையில் இட்டு, விலாசத்தை மட்டும் பிரிண்டரிடம் விடாமல் கையால் எழுதி, மார்கழி இருபத்து மூன்றாம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.