எங்கள் வட சென்னைப் பக்கம்

"திருவொற்றியூரா? அங்கே எப்படித்தான் இருக்கிறீர்களோ!" கல்யாண வீடுகளில் என்னிடம் இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. புகை உண்டு, கன்டெய்னர் லாரி உண்டு. நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அதோடு எங்கள் ஊர் முடிந்து விடுகிறதா என்ன?

காலடிப்பேட்டையை எடுத்துக் கொள்ளுங்களேன். யாருடைய காலடி என்று எல்லோரும் கேட்பார்கள். காலடியும் இல்லை, ஒன்றும் இல்லை! 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த காலெட் என்ற வெள்ளைக்காரர், நெசவாளர்களைக் குடிவைத்த பேட்டை அது. 'காலெட் பேட்டை' நம் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து அங்கே மெட்ரோ ரயிலும் நிற்கிறது. ரயில் எங்களுக்குப் புதிதில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியதே எங்கள் ராயபுரத்திலிருந்துதான்.

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் திருவிழா. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மன்களையும் தரிசித்துவிட வேண்டும். புளிசாதம் கட்டிக்கொண்டு தெருவே கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காசிமேடு. அந்தக் கூட்டத்தைச் சொல்லி மாளாது! "இன்னாமா சும்மா பாத்துக்கினே நிக்கிற? செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தமாட்டம் கீது!" என்று அக்கா அதட்டுவாள். அவள் சொல்வதுதான் சரி. செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று, விரலால் அமுக்கினால் குழி விழாமல் இருந்தால் நல்ல மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; மீன் குஞ்சு பொரித்துப் பெருகுகிற காலம். அப்போது வஞ்சிரம் விலை கேட்டால் மயக்கம் வரும். சிறு படகில் வரும் நெத்திலி, மத்தி போதும். குழந்தைகளுக்குச் சத்தில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல.

பெருமைப்பட இன்னொன்றும் உண்டு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, எங்கள் வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள்! அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் கேரம் போர்டும் கையுமாகத்தான் இருந்தார்கள்.

இனிச் சொல்வதை இளம் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரமே கறுத்துப் போயிற்று. வலையும் படகும் பாழ். அது ஆறுவதற்குள், டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். என் நாத்தனார் வீடு அந்தப் பக்கம்தான். "கண்ணைத் தெறக்க முடியல அண்ணி. எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியல. புள்ளையைத் தூக்கிக்கினு ஜனங்க போற பக்கம் போனோம்" என்றாள்.

எந்தப் பக்கம் ஓடுவது? அதுதான் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே நடந்து விலக வேண்டும். காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் ஓரளவு தடுக்கும். வெளியே போக முடியாவிட்டால் கதவு, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகுங்கள். கண் எரிந்தால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கால்மணி நேரம் கழுவுங்கள். எண்ணெய், தாய்ப்பால், பச்சிலை எதுவும் விடக் கூடாது. மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தக் கசிவுக்குப் பிறகு மீனவப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து நாள் கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது சலுகை அல்ல. அபாயமான ரசாயனம் வைத்திருக்கும் தொழிற்சாலை, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியுள்ள மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என 1989-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதனால் உங்கள் ஊரில் ஆலை இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். அபாயச் சங்கு எப்படி ஊதும், எங்கே கூட வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி, சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து வையுங்கள்.