முள்ளுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மூடிவைத்துக் காப்பாற்றப்பட்டவை அல்ல, ஓடி ஓடியே தப்பியவை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் ஒஸ்ரின் ஏ40உம் மொறிஸ் மைனரும் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்யப்பட்டு, மிச்ச வழியெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. இப்போது அவற்றில் பல கலியாண ஹயருக்குப் போகின்றன. பெயின்ற் மினுங்கும், சீற் புதிது. இருட்டினால் மட்டும் டாஷ்போட்டில் முள் எங்கே நிற்கிறதென்று தெரியாது. ஊருக்குள் சட்டம் சொல்லும் மணிக்கு 50 கிலோமீற்றர், மைல் கணக்குப் போட்ட அந்த வட்டத்தில் 31. அந்த 31ஐத் தேடுகிற கண் அந்த நேரத்தில் வீதியில் இல்லை.

உடனே பல்பை மாற்றுவதுதான் வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி பல்ப் அல்ல என்பது என் கட்சி.

1954இன் கடைசியிலிருந்து வந்த மைனர்களில் டாஷ்போட்டின் நடுவில் ஒரே பெரிய வட்டமாக வேகமானி இருக்கும். அதற்குள் எரிவது 12 வோல்ற்று, 2.2 வாற்று கொண்ட சின்னத் திருகு பல்ப். அது இழுக்கும் மின் 0.2 அம்பியருக்கும் குறைவு. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர் வழியாக ஒரு பக்கத் தொடுப்பு வருகிறது. மறுபக்கத்துக்கு வயரே கிடையாது. பல்பின் கப், மானியின் தகரக் கூட்டுக்குள் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். கூடு டாஷ்போட்டோடு இறுகியிருக்கும். அந்தத் தகரமும் காரின் பொடியும்தான் மின் திரும்பும் வழி.

தகரம் தகரத்தைத் தொடுகிற ஒவ்வோர் இடமும் கறளுக்கு நல்ல இடம். குடாநாட்டில் கடலிலிருந்து அதிக தூரம் போகவே முடியாது. காற்றோடு வரும் உப்பு, ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைட்டு, உலோகத்தைக் காக்கும் மெல்லிய படலத்தையும் உடைத்துவிடும். வெளியே மட்காட்டில் கறள் பிடித்தால் எல்லாரும் காண்பார்கள். கப்பின் விளிம்பில் பிடித்ததை யார் கண்டது?

கணக்குப் பார்ப்போம். எரியும்போது அந்த பல்பின் தடை சுமார் 65 ஓம். வழியில் கறள் ஒரு 7 ஓம் சேர்த்தாலே பல்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைக்கக் கூடாது. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கைப் பின்பற்றுகிறது. அழுத்தம் 10 வீதம் விழுந்தால் வெளிச்சம் 30 வீதம் விழும். 20 வீதம் விழுந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். இழையின் சூடு குறையக் குறைய, அது விடும் கதிரில் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிரின் பங்கு கூடுவதே காரணம். பற்றரி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, எங்கள் கண்ணுக்குத்தான் வந்து சேரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்ரிமீற்றர் போதும். லைற்றைப் போட்டுவிட்டு, ஒரு முனையைப் பற்றரியில் பொடியோடு இணைந்த பக்கத்திலும் மற்றதைக் கப்பின் வெளி உலோகத்திலும் வையுங்கள். அநேகமாகப் பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ற்று, ஒரு வோல்ற்று என்று காட்டினால் கறள் தின்கிறது. கப்பையும் அது இருக்கும் துளையையும் மெல்லிய அரத்தாளால் உரசி, கப்பிலிருந்து பொடிக்குத் தனியாக ஓர் ஏர்த் வயர் இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கூட்டின் உட்பக்கத்தில். இந்த மானிகளில் பல்ப் நேரே எண்களை நோக்கி எரிவதில்லை. உட்சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே வட்டத்தின் ஓரமாகக் கசிந்து வருகிறது. அந்தச் சுவரின் பூச்சு மங்கியிருந்தால் மினுக்கமில்லாத வெள்ளை பூசலாம். 5 வாற்று பல்பைத் திணிப்பது மட்டும் வேண்டாம். அடைத்த கூட்டுக்குள் சூடும் கூடும், முள்ளின் சாயமும் வெளிறும்.

இத்தனைக்குப் பிறகும் போதாதென்றால் எல்.ஈ.டி போடலாம். ஆனால் அது ஓர் இருவாயி, மின்னை ஒரு திசையில் மட்டுமே விடும். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். கடையில் வாங்கிய சாதாரண எல்.ஈ.டி அங்கே எரியாது. இரு திசையிலும் எரிவதைக் கேட்டு வாங்க வேண்டும். நுனியில் மட்டும் எரிவதும் உதவாது, சுவரில் தெறிக்கப் பக்கவாட்டிலும் எரிய வேண்டும்.

நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளை எல்.ஈ.டி என்பது உள்ளே நீல எல்.ஈ.டிதான், மேலே மஞ்சள் பொஸ்பர் பூசியிருக்கும். நீலத்தைப் பிரகாசமாக எரியவைத்ததற்காக அகாசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் இருட்டில் வண்டியோட்டுகிற கண்ணுக்கு நீலம் நல்லதல்ல. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோற்கலங்கள் 507 நனோமீற்றர் அலைநீளத்தில், நீலப்பச்சையில், மிகக் கூர்மையாக இருக்கும். அவற்றை நீலம் எளிதில் கூசவைத்துவிடும். சிவப்பு அவற்றை அவ்வளவாகத் தொடாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணித்தியாலம்வரை செல்லும், கெடக் கணமே போதும். வயது ஏற ஏறக் கண்வில்லைக்குள் ஒளி சிதறுவதும் கூடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் அந்த வயதுக்காரர்தானே. பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகும் கடற்பாதையில், இரு பக்கமும் தண்ணீர், எதிரே லைற் போடாத சைக்கிள். அங்கே டாஷ்போட் நீலமாக ஜொலித்துக்கொண்டிருப்பதைவிட இருட்டாக இருப்பதே மேல். மஞ்சள் கலந்த இளஞ்சூட்டு நிறம் எடுங்கள். எண்களை வாசிக்கும் அளவுக்கு எரிந்தால் போதும்.

கடைசியாக, அதே வட்டத்தில் உள்ள சிவப்புச் சார்ஜ் பல்பைத் தொட வேண்டாம். அது டைனமோவுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருந்து, இரண்டின் மின்னழுத்தமும் சமமாகும்போது அணைவது. எல்.ஈ.டிக்கு மிகச் சிறிய மின்னே போதும் என்பதால் சிறு வித்தியாசத்துக்கும் மினுக்கிக்கொண்டு வீணாகப் பயமுறுத்தலாம். டைனமோவை எடுத்து ஓல்ரனேற்றர் மாட்டிய வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும். பல வகைகளில் அந்தப் பல்ப் வழியாகப் போகும் மின்தான் ஓல்ரனேற்றரைத் தட்டி எழுப்புகிறது. எல்.ஈ.டி விடும் மின் அதற்குப் போதாது, எஞ்சின் ஓடும், பற்றரி சார்ஜ் ஆகாது.