ஆரம்பப் பாடசாலையில் நாடகப் பயிற்சி

கிராமப் பாடசாலைகளில் நாடகமென்பது பெரும்பாலும் ஆண்டு விழாவுக்கென்றே வைத்துக்கொள்ளப்படும் ஒரு காரியமாயிருக்கிறது. நன்றாய்ப் பேசக்கூடிய இரண்டொரு பிள்ளைகள் வசனத்தை ஒப்புவிப்பார்கள். மற்றவர்கள் ஓரமாய் நிற்பார்கள். இதனால் வாய்திறவாத பிள்ளைக்கு யாதொரு பிரயோஜனமுமில்லை. உண்மையில் நாடகப் பயிற்சி அவசியமாயிருப்பது அப்பிள்ளைக்கே.

பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த, இப்பொழுது கடலூர் மாவட்டமெனப்படும் இப்பகுதியில், நாடகத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. சிதம்பரம் கோபுரங்களில் 108 கரணங்களும் சிற்பமாய் நிற்கின்றன. இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயர் (1711–1779) வாழ்ந்த சீர்காழி அருகிலேயே உள்ளது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் தில்லையையே நாடி நிற்பது. திரௌபதியம்மன் விழாக்களில் இரவெல்லாம் நடக்கும் தெருக்கூத்தைப் பார்த்த சிறுவர், எழுத்தறியுமுன்னரே அபிமன்யுவின் கதையை அறிவர்.

பிள்ளைகளை நடிக்கப் பழக்குவதிலும் நம்மவர்க்கு அனுபவமுண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தினார். 1922-இல் கடலூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் காலமானார். தி. க. சண்முகம் அவரிடம் சேர்ந்தபோது வயது 6. அச்சபைகளில் திருத்தமான உச்சரிப்பும், ஞாபக சக்தியும், தாளக்கட்டும் சிறுவர்க்கு வாய்த்தன. ஆயினும் அவை சீட்டு வாங்கி வரும் சபையோரை உத்தேசித்தே நடந்தன. குரலற்றவனுக்கு அங்கே வேஷமில்லை. மகரக்கட்டு வந்து குரலுடைந்த சிறுவனின் நிலையும் தாழ்ந்தது. பாடசாலையோ பார்ப்போருக்காகவன்றி, நடிக்கும் பிள்ளைக்காகவே நாடகத்தை நடத்துதல் வேண்டும்.

உபாத்தியாயர்கள் கீழ்க்கண்ட முறையை அனுசரிக்கலாம்.

1. முதலில் வசனமே வேண்டாம். நாற்று நடுதல், வலை வீசுதல், கிணற்றில் நீரிறைத்தல் முதலியவற்றைச் செய்கையால் மட்டும் காட்டச் சொல்லுக.

2. பின்பு ஒரு சிறு கதையைச் சொல்லி, ஆறு அல்லது எட்டுப் பிள்ளைகளாய்ப் பிரித்து, தத்தம் சொந்த வார்த்தைகளில் பேச விடுக. வீட்டில் பேசும் பேச்சு வந்தால் இடைமறித்துத் திருத்தலாகாது.

3. அவர்கள் பேசிய வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் செய்க. தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் குழந்தை ஆவலுடன் படிக்கும். திருத்த வேண்டியவற்றை இங்கே திருத்தலாம்.

4. வேஷங்களை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கறுத்த பிள்ளைக்கு எப்பொழுதும் அரக்கன் வேஷமும், ஏழைப் பிள்ளைக்கு எப்பொழுதும் ஏவலாள் வேஷமும் கொடுப்பது பெருந்தீங்கு. நந்தன் கதையை நடிப்பதானால், இன்று நந்தனானவன் நாளை பண்ணையாராகட்டும்.

5. செலவு வேண்டியதில்லை. ஒரு துண்டும், காகிதக் கிரீடமும், மரநிழலும், அரைமணி நேரமும் போதும்.

இப்பயிற்சி விளையாட்டுடன் முடிவதன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலிய கடலூர்க் கரையூர்களைத் தாக்கியது. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையிலிருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளியில் படித்த பாடத்தை நினைத்து, நீரின் மாறுபாட்டைக் கண்டு கூவி எச்சரித்தாள். அங்கிருந்தோர் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினர். அவளைப்போல் அறிந்த பிள்ளைகள் வேறிடங்களிலும் இருந்திருக்கலாம்; பெரியவர்கள் நடுவில் உரக்கச் சொல்லும் தைரியமில்லாவிடில் அவ்வறிவு யாருக்கும் உதவாது.

ஆதலால் கரையோரப் பாடசாலைகளில் இதனையே ஒரு நாடகமாய் வைத்துக்கொள்ளலாம். கடல் உள்வாங்குவதை ஒரு பிள்ளை காணட்டும், மற்றொன்று கூவட்டும், ஒன்று தம்பியைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடட்டும், நம்ப மறுக்கும் பெரியவராய் ஒன்று நடிக்கட்டும். அப்பெரியவரை எவ்விதம் நம்பவைப்பதென்று பிள்ளைகளே யோசித்துப் பேசுக. மறுமுறை நடிக்கையில், கூவும் வேஷத்தை வகுப்பிலேயே மெல்லப் பேசும் பிள்ளைக்குக் கொடுத்தல் நலம்.