கீழாநெல்லியும் 96 குழித் தட்டும்

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வரப்பில் நடந்தால் அந்தச் செடி காலில் படாமல் போகாது. முழங்கால் உயரம்கூட இருக்காது. புளிய இலையைப் போலச் சின்னச் சின்ன இலைகள். ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நெல்லிக்காயின் குட்டிகள் மாதிரி பச்சை உருண்டைகள் வரிசையாகத் தொங்கும். இலைக்குக் கீழே நெல்லி இருப்பதால் அதன் பெயர் கீழாநெல்லி.

வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் தேடிப்போகும் செடி இது. அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். "எங்க காலத்துல இதைக் குடிச்சுதான் எழுந்தோம்" என்று உங்கள் ஆயாவும் சொல்லியிருக்கலாம்.

அவர் பொய் சொல்லவில்லை. குடித்தார், எழுந்தார். ஆனால் குடித்ததால்தான் எழுந்தாரா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி, திண்டிவனத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைத் தரமணியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடமே உழைத்தது. அங்கே போவதற்கு முன் காமாலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நம் ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து உடைகின்றன. உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை அப்புறப்படுத்துவது கல்லீரலின் வேலை. கல்லீரல் நோய்ப்பட்டால் மஞ்சள் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரியும். ஆக, காமாலை என்பது அறிகுறி. அதற்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம்.

அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்தச் சமயத்தில் மோர் குடித்தாலும், இளநீர் குடித்தாலும், கீழாநெல்லி குடித்தாலும் ஆள் எழுந்துவிடுவார். பாராட்டு மட்டும் கடைசியாகக் குடித்ததற்குப் போய்ச் சேரும்!

ஹெபடைடிஸ் பி வைரஸ் வேறு ரகம். ரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். சிலர் உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் குடியிருக்கும். கடைசியில் கல்லீரல் புற்றுநோயையும் உண்டாக்கலாம். உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் இந்த வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய 24,000 நிற்கும்.

இவ்வளவு சின்னது புற்றுநோயை எப்படி உண்டாக்குகிறது? வைரஸ் புகுந்த கல்லீரல் செல்கள் அழிய, புதிய செல்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு முறையும் செல் தன் மரபுக் குறிப்பு முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். ஒரே பாடத்தை ஆயிரம் முறை பார்த்து எழுதச் சொன்னால் உங்களுக்கும் எழுத்துப்பிழை வரும் இல்லையா? அப்படித்தான் பிழைகள் சேருகின்றன. போதாதற்கு வைரஸ் தன்னுடைய குறிப்பையும் நடுவே செருகிவிடுகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு செல், "வளர்ந்தது போதும், நிறுத்து" என்ற வரியைத் தொலைத்துவிட்டுப் பெருகத் தொடங்குகிறது. அதுதான் புற்றுநோய்.

தன் ரத்தத்தையே சோதித்தவர்

இந்த வைரஸைப் பிடிக்க வழி காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் ப்ளம்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுமையான ஒரு புரதத்தை 1960களில் அவர் குழு கண்டது. அதற்கு "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று பெயர் வைத்தார்கள். அது என்ன பொருள் என்று அப்போது தெரியாது.

1967-இல் ப்ளம்பெர்க்கின் ஃபிலடெல்ஃபியா ஆய்வுக்கூடத்தில் பார்பரா வெர்னர் என்ற டெக்னீஷியனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஒரு மாலையில் தன் ரத்தத்தையே எடுத்துச் சோதனையில் வைத்தார். மறுநாள் காலை மெல்லிய ஒரு கோடு தெரிந்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென்! பிறகுதான் அவருக்குக் காமாலை வந்தது. நல்லவேளையாகக் குணமானார். கண் மஞ்சளாகும் முன்பே சோதனை சொல்லிவிட்டது. அந்தப் புரதம் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்சட்டை என்பது பின்னர் உறுதியானது. 1976-இல் ப்ளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தரமணியில் ஒரு சோதனை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் தரமணியில் இருக்கிறது. அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் நம் வரப்புச் செடியைச் சோதனைக்கு எடுத்தார்கள். ப்ளம்பெர்க்கும் இந்த ஆய்வில் கூட்டாளி.

ஹெபடைடிஸ் பி வைரஸ் நெடுநாளாக உடம்பில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த கேப்ஸ்யூல் மாத்திரை. மற்றவர்களுக்கு வெறும் பால்சர்க்கரை அடைத்த கேப்ஸ்யூல். இந்த இரண்டாவது கூட்டம் எதற்கு? தானாகவே குணமாகிறவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கத்தான். ஆயாவின் கதையில் இல்லாமல் போனது இந்தக் கூட்டம்.

முடிவு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் சட்டை காணவில்லை. பால்சர்க்கரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது.

யார் யார் வேலை?

இப்படிப்பட்ட ஆய்வில் கட்டுரையின் மேல் சில பெயர்கள்தான் இருக்கும். உள்ளே எத்தனை கைகள் என்று எண்ணிப் பார்ப்போமா?

முதலில் தாவரவியலாளர். கீழாநெல்லிக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி என்று எல்லாம் ஒரே சாயல். இந்தச் செடியையே முதலில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதினார்கள். அது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று பிறகுதான் தெளிவானது. தப்பான செடி வந்தால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வீண்.

அடுத்து ரத்தம் எடுப்பவர். குழாயின் மேல் எண் ஒட்டுகிறார். எண் ஒன்று மாறினால் ஒருவரின் முடிவு இன்னொருவருக்குப் போய்விடும்.

பிறகு டெக்னீஷியன். இன்றைய ஆய்வுக்கூடத்தில் அவர் முன்னால் இருப்பது உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. குட்டி இட்லித் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக 96 குழிகள். குழியின் அடியில் வைரஸின் சட்டையைப் பிடிக்கும் புரதம் பூசியிருக்கும். ரத்தத்தின் தெளிநீரை ஊற்றிக் கழுவுகிறார். நிறம் உண்டாக்கும் நொதி ஒட்டிய இன்னொரு புரதத்தை ஊற்றி மறுபடி கழுவுகிறார். கடைசியில் சாயத்துக்கான திரவம். வைரஸின் சட்டை இருந்த குழியில் நிறம் ஏறும், இல்லாத குழி தெளிவாக இருக்கும். சரியாகக் கழுவாவிட்டால் நோயில்லாதவர் குழியிலும் நிறம் வந்துவிடும்!

கழுவுவது என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பயன்படுத்திய பொருள்களை ஆட்டோகிளேவில் அடுக்குபவர். அது பெரிய பிரஷர் குக்கர். 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் வைத்தால் கிருமிகள் சாகும். அவர் அவசரப்பட்டால் அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் ஆபத்து. கடைசியாகக் கணக்குப் போடுபவர். 22-க்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் வந்திருக்குமா என்று சந்தேகப்படுவது அவர் தொழில்.

"இங்கே நடக்கவில்லையே!"

தரமணியின் முடிவைப் படித்த மற்ற நாட்டு ஆய்வுக்கூடங்கள் தாங்களும் செய்து பார்த்தன. தாய்லாந்தில் செய்தார்கள், நியூசிலாந்தில் செய்தார்கள். வைரஸ் போகவில்லை. செடி வளர்ந்த மண்ணா, செடியின் வகையா, நோயாளிகளின் நிலையா என்று பல காரணங்களை அலசினார்கள். ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே பதில் வராதவரை அது மருந்தாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் சிகிச்சை வழிகாட்டியில் இன்றும் கீழாநெல்லி இல்லை.

அப்படியென்றால் எல்லோர் உழைப்பும் வீணா? இல்லவே இல்லை. "நடந்தது" என்று எழுதியவரும் "இங்கே நடக்கவில்லை" என்று எழுதியவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். அதனால்தான் காமாலை வந்தால் நாம் முதலில் மருத்துவரிடம் போய் ரத்தம் சோதித்துக்கொள்கிறோம்.

வைரஸைத் தடுக்க வழியும் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு வைரஸின் சட்டையை மட்டும் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். உள்ளே ஆளில்லாத அந்தச் சட்டைதான் இன்றைய தடுப்பூசி. இதற்கு முந்தைய வகை ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தைவான் 1984-இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. பிற்பாடு அங்கே 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியானது. நம் நாட்டில் இந்தத் தடுப்பூசியும் அடங்கிய ஐந்து-நோய் ஊசி 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. உங்கள் தடுப்பூசி அட்டையில் "பெண்டாவேலன்ட்" என்று இருக்கிறதா பாருங்கள்.

மல்லாட்டைக்கு ஒரு வார்த்தை

கல்லீரல் புற்றுநோய்க்கு வைரஸ் மட்டுமே காரணமல்ல. நம் மல்லாட்டையையும் (நிலக்கடலை) கவனிக்க வேண்டும். டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் நம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளைகள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் மல்லாட்டையில் ஒரு பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அதுவும் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம். ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பூஞ்சணம் பிடித்த, கசக்கும் பருப்பை வாயில் போடாதீர்கள். களத்தில் நன்றாகக் காய வைக்கும் உங்கள் அப்பா அம்மாவும் புற்றுநோயைத் தடுக்கிறவர்கள்தாம்.

செய்து பாருங்கள்

அடுத்த மழைக்குப் பிறகு வரப்பில் ஒரு கீழாநெல்லியை வேரோடு எடுங்கள். பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் பத்து நாள் வையுங்கள். காய்ந்ததும் வெள்ளைத் தாளில் ஒட்டி, ஓரத்தில் பறித்த தேதி, ஊர், வயலா வாய்க்காலா, பறித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பக்கத்திலேயே அதே சாயலில் இன்னொரு செடி இருந்தால் அதையும் தனித்தாளில் ஒட்டி, என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள். வாயில் மட்டும் வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

96 குழித் தட்டுக்கு முன்னால் நடக்கும் வேலை இதுதான். அதை நீங்களும் செய்யப்போகிறீர்கள்.