டிராக்டரின் விசிறி பெல்ட் கீச்சிடுகிறதா?

மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. நாற்று முற்றுவதற்குள் சேற்றுழவு முடிந்தாக வேண்டும். இந்த நேரத்தில் டிராக்டர் இரண்டு நாள் பட்டறையில் நின்றாலும் நடவு தள்ளிப் போகும். பேசிவைத்த நடவு ஆட்களும் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். விசிறி பெல்ட் பழுதினால் எஞ்சின் கொதித்து நிற்பது பெரும்பாலும் திடீரென்று நேர்வதல்ல. பல நாள் முன்பே எஞ்சினின் முன்புறத்திலிருந்து "கீச்" என்ற சத்தம் வரத் தொடங்கிவிடும். அதன் காரணத்தை அறிந்து சரிசெய்ய ஒரு ஸ்பேனர், ஒரு இரும்பு ஸ்கேல், சிறிது தண்ணீர் ஆகியவையே பெரும்பாலும் போதும்.

பெல்ட்டின் வேலை

எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து விசை பெற்று, ரேடியேட்டர் விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவது விசிறி பெல்ட். பெரும்பாலான டிராக்டர்களில் இது "வி" வடிவப் பெல்ட் ஆகும். இவ்வகை ரப்பர் பெல்ட்டை 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் உருவாக்கினார்.

வி-பெல்ட் புல்லியின் பள்ளத்தில் ஆப்பு போல் இறங்கி, தன் இரு பக்கங்களாலும் பற்றிக்கொண்டு ஓடுகிறது. அதன் அடிப்பாகம் பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. பக்கங்களின் பிடிப்பு குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. வழுக்கும்போது ரப்பர் உராய்ந்து சூடேறிக் கீச்சிடுகிறது. விசிறியும் தண்ணீர்ப் பம்பும் வேகம் குறைந்து எஞ்சின் சூடேறுகிறது. அதைக் கவனியாமல் உழுதுகொண்டே இருந்தால் ஹெட் காஸ்கெட் எரிந்துவிடும். சிலிண்டர் ஹெட்டும் வளைந்து போகலாம். சில நூறு ரூபாய் பெல்ட்டைக் கவனிக்காததால் பல ஆயிரம் ரூபாய் செலவு வந்து சேரும். பாட்டரியும் சரியாகச் சார்ஜ் ஆகாது.

சத்தம் இரு வகை

முதலில் சத்தத்தின் தன்மையைக் கூர்ந்து கேட்க வேண்டும். ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது நீளமாகக் "கீ...ச்" என்று அலறினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். முன் விளக்குகளைப் போட்டதும் சத்தம் கூடினால், ஆல்டர்னேட்டரின் சுமையைத் தாங்க முடியாமல் வழுக்குகிறது என அறியலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கத்திவிட்டுச் சற்று நேரத்தில் அடங்குவதும் இதே காரணத்தால்தான். ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய பாட்டரி மறுபடி சார்ஜ் ஆகும்போது ஆல்டர்னேட்டருக்குச் சுமை அதிகம். பெல்ட்டில் பனி ஈரமும் இருக்கும்.

இதற்கு மாறாக, எஞ்சின் மெதுவாக ஓடும்போது குருவி கத்துவது போல் "கிச், கிச்" என்று விட்டுவிட்டுக் கேட்டால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம்.

தண்ணீர்ச் சோதனை

சத்தத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாவிட்டால் ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சின் சூடேறுவதற்கு முன், மெதுவாக ஓடும் நிலையில், தெளிப்புப் புட்டியால் எட்ட நின்று பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் உடனே அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது; ஈரம் பட்டதும் இன்னும் அதிகமாக வழுக்குகிறது. சத்தம் சில நொடிகள் நின்று மறுபடி வந்தால் புல்லிகள் நேராக இல்லை. பக்கவாட்டு உராய்வைத் தண்ணீர் சற்று நேரம் தணித்திருக்கிறது.

இந்தச் சோதனையின்போது தொங்கும் துண்டு, வேட்டி, சேலை முந்தானை எதுவும் பெல்ட்டின் அருகில் போகக் கூடாது. இதைத் தவிர மற்ற எல்லாச் சோதனைகளையும் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்ட பிறகே செய்ய வேண்டும்.

தளர்வைச் சரிசெய்தல்

இரண்டு புல்லிகளுக்கு இடையே உள்ள மிக நீண்ட பகுதியின் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். டிராக்டருக்கு டிராக்டர் அளவு மாறும் என்பதால் கையேட்டில் கொடுத்துள்ள அளவையே பின்பற்றுவது நல்லது.

தளர்ந்திருந்தால், ஆல்டர்னேட்டரின் கீழ்ப் போல்ட்டையும் இழுப்புப் பட்டையில் உள்ள போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையால் ஆல்டர்னேட்டரை வெளிப்புறம் நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை முடுக்க வேண்டும். புல்லிக்கு அருகில் உள்ள தடித்த பாகத்தில் நெம்பினால் உடல் விரிசல் விடாது. முடுக்கிய பின் மறுபடி அழுத்திப் பார்ப்பது அவசியம். சில புதிய டிராக்டர்களில் தானாகவே இறுக்கிக்கொள்ளும் அமைப்பு உண்டு. அவற்றைக் கையால் இறுக்க முயலக் கூடாது.

சத்தம் போக வேண்டும் என்று அளவுக்கு மேல் இறுக்குவதும் தவறு. அதிக இறுக்கத்தால் தண்ணீர்ப் பம்ப், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் பேரிங்குகள் விரைவில் தேய்ந்துவிடும்.

கதிரடிக்கும் இயந்திரம், பம்ப் செட் போன்றவற்றில் உள்ள நீண்ட வி-பெல்ட்டுகளுக்கு, புல்லிகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் மீட்டருக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் இறக்கம் இருக்கும்படி இறுக்குவது பொதுவான கணக்கு.

இறுக்கியும் சத்தம் நிற்காவிட்டால்

1. புல்லிகளின் நேர்கோடு: இரண்டு புல்லிகளின் முகத்தையும் தொடும்படி இரும்பு ஸ்கேலையோ இழுத்துப் பிடித்த நூலையோ வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு புல்லி உள்ளே தள்ளியோ சாய்ந்தோ இருந்தால் இடைவெளி தெரியும். தளர்ந்த போல்ட், வளைந்த பட்டை, மாற்றிப் போட்ட வாஷர் ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதும் இதன் அடையாளமே.

2. எண்ணெய், சேறு: எண்ணெயோ கிரீஸோ பட்டால் ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பெல்ட்டையும் பள்ளங்களையும் துடைத்துக் காயவிட வேண்டும். டீசல், பெட்ரோலால் துடைக்கக் கூடாது. கிராங்க் ஆயில் சீலிலோ தண்ணீர்ப் பம்பிலோ கசிவு இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். இல்லையேல் புதிய பெல்ட்டும் வீணாகும். சேற்றுழவின்போது தெறிக்கும் சேறு பள்ளத்தில் காய்ந்து மணல் காகிதம் போல் பெல்ட்டை அறுக்கும். அன்றாடம் வேலை முடிந்ததும், எஞ்சின் ஆறிய பின் கழுவிவிட வேண்டும்.

3. பேரிங்: பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று ஒலித்தாலோ, இறுகிச் சுற்றினாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. அது தடுப்பதால்தான் பெல்ட் வழுக்குகிறது. இந்நிலையில் பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

4. பெல்ட், புல்லித் தேய்மானம்: பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்துக் கெட்டியாகியிருந்தாலும், உட்புறம் குறுக்கே வெடித்திருந்தாலும், நூல் பிரிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பெல்ட்டின் மேற்புறம் புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். ஆழத்தில் அமுங்கி ஓடினால் பெல்ட்டோ பள்ளமோ தேய்ந்திருக்கிறது. பள்ளத்தின் அடி பளபளப்பது பெல்ட் அடியைத் தொட்டு ஓடுவதைக் காட்டும். பக்கங்கள் குழிந்த புல்லியில் புதிய பெல்ட்டும் நிலைக்காது.

புதிய பெல்ட் மாட்டும்போது

பழைய பெல்ட்டின் எண்ணைக் காட்டி அதே அகலமும் நீளமும் உள்ள பெல்ட்டை வாங்க வேண்டும். ஆல்டர்னேட்டரை நன்றாக உள்ளே தள்ளி, இடம் கொடுத்துக் கையால் மாட்ட வேண்டும். திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல்கள் அறுந்துவிடும், வெளியே தெரியாது. இரண்டு மூன்று பெல்ட்டுகள் சேர்ந்து ஓடும் இடங்களில் ஒன்றை மட்டும் மாற்றினால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும். எனவே எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவதே சிக்கனம்.

புதிய பெல்ட் முதலில் சற்று நீளும். 15, 20 நிமிடம் ஓட்டிய பிறகு ஒரு முறையும், ஒரு நாள் வேலைக்குப் பின் மறுமுறையும் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால் புதிய பெல்ட்டும் வழுக்கிப் பளபளப்பேறிக் கத்தத் தொடங்குகிறது.

மெழுகு, சோப்பு வேண்டாம்

பழைய தட்டைப் பெல்ட்டுகளுக்குப் பிசின் கலந்த மெழுகு தடவும் வழக்கம் இருந்தது. அதை ரப்பர் வி-பெல்ட்டுக்குச் செய்வது சரியல்ல. மெழுகு, சோப்பு, எண்ணெய் எதைத் தடவினாலும் சத்தம் சிறிது நேரம் அடங்கும். பழுது அப்படியே இருக்கும். பிசுபிசுப்பில் தூசியும் பதரும் ஒட்டித் தேய்மானமும் கூடும்.

வாரம் ஒரு முறை பெல்ட்டை அழுத்திப் பார்ப்பதும், பருவம் தொடங்குமுன் எல்லாப் புல்லிகளையும் சோதிப்பதும், மாற்றுப் பெல்ட் ஒன்றைக் கருவிப் பெட்டியில் வைத்திருப்பதும் நல்ல பழக்கம். வேலை நடுவே கீச்சொலி கேட்டால் வெப்பமானியை உடனே பார்க்க வேண்டும். முள் சிவப்பை நோக்கி ஏறினால், வயல் பாதியில் இருந்தாலும் உழவை நிறுத்தி எஞ்சினை ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அரை மணி நேரத் தாமதத்தை ஈடு செய்துவிடலாம். எரிந்த எஞ்சினைச் சரிசெய்து வருவதற்குள் நடவுப் பருவமே கடந்துவிடும்.