இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது?

தெமியாங் வட்டாரத்தில் இரவு மழையில் நனைந்த பால்வெட்டுக் கத்தி, விடிந்ததும் பழுப்பேறிக் கிடக்கும். காரணம் இரும்பின் பிறப்பிலேயே இருக்கிறது.

இரும்புத்தாது, இரும்பும் உயிர்வளியும் சேர்ந்த கல். திரங்கானுவின் புக்கிட் பெசியில் ஒரு காலத்தில் அது தோண்டப்பட்டது. ஊதுலையில் தாது, கற்கரி, சுண்ணாம்புக் கல் மூன்றையும் இட்டுச் சூடான காற்றை ஊதுவார்கள். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் உயிர்வளியைப் பறித்துக்கொள்ள, இரும்பு உருகி அடியில் தேங்கும். சுண்ணாம்பு, கழிவைப் பிரிக்கும்.

பறிபோன உயிர்வளியை, ஈரமும் காற்றும் பட்டதும் இரும்பு மீண்டும் பற்றிக்கொள்கிறது. அதுவே துரு. அது உதிர உதிர, உள்ளிருக்கும் இரும்பும் அரிபடும். பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் பட்டால் இன்னும் விரைவு.

கூரைத் தகரத்தில் பூசிய துத்தநாகம், தான் முதலில் அரிந்து இரும்பைக் காக்கும். பூச்சு தேய்ந்தால் ஓட்டைதான். அதற்குமுன் சாயம் பூசுவது நல்லது. கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால் நீண்ட நாள் உழைக்கும்.