பாதி நனைந்த கடதாசி

மட்டக்களப்பு வாவிக்கரையில், மண்டூர்த் துறையில் நின்று கிழக்கே பார்த்தால் வரைவதற்கு இருப்பவை வானமும் தண்ணீரும்தான். இடையில் குருமண்வெளிக் கரை மெல்லிய பச்சைக் கோடாகத் தெரியும். ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வரும்போது அந்தக் கோட்டின் கீழ் ஒரு கறுப்புப் புள்ளி அசையும். கரையோரத்தில் தில்லை மரங்கள் நிற்கின்றன. ஊருக்குத் ‘தில்லை மண்டூர்’ என்ற பெயரைக் கொடுத்த மரம் அது. உதிரும் முன் இலை செம்மஞ்சளாய்ப் பழுக்கும். இப்படியொரு காட்சியை நீர்வர்ணத்தில் பிடிக்க வேண்டுமானால் கடதாசியின் முக்கால்வாசியை ஒரே மூச்சில் நனைத்தாக வேண்டும். சித்திர வகுப்பில் பிள்ளைகள் சோர்ந்துபோவதும் இந்த இடத்தில்தான். வானத்துக்கு நீலத்தைத் தடவிச் சற்று நேரம் ஆகவில்லை, “சேர், பேப்பர் பொங்குது” என்று ஒரு குரல் வரும்.

பொங்கிய கடதாசியில் வர்ணம் பள்ளத்தில் தேங்குகிறது, மேட்டில் வெளிறுகிறது. தேங்கிய குட்டையின் விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடப்பதால், அந்த இழப்பை ஈடுகட்ட உள்ளிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடும். ஓடும்போது நிறத்துகள்களையும் அள்ளிச் சென்று அங்கே சேர்த்துவிடும். காய்ந்ததும் அது கறுத்த கோடாக நிற்கும். சிந்திய கோப்பி காய்ந்தால் வளையம் விழுவதும் இதே காரணத்தால்தான். சிக்காகோ பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். வாவியின் மேல் விரிந்த வானம் உழுத வயலாகிவிட்ட பிறகு, பிள்ளை தன் கையைத்தான் நோகும். எனக்கு வரைய வராது என்று நீர்வர்ணப் பெட்டியை மூடிவிட்டுப் பெஸ்டலுக்குப் போய்விடும். அந்த முடிவு எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது. கையில் குறை இல்லை. நார்களுக்குள் நடப்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அது.

கடதாசி என்பது தாவர நார்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து ஒட்டிக்கொண்ட வலை. நாரின் பெரும்பகுதி செலுலோசு. அதற்குத் தண்ணீர் மீது தீராத நாட்டம் உண்டு. நனையும்போது நீர் மூலக்கூறுகள் செலுலோசுச் சங்கிலிகளின் நடுவே புகுந்து அவற்றை விலக்கி இடம்பிடிக்கின்றன. இதனால் நாரின் தடிப்பு 20 முதல் 30 வீதம் வரை கூடும். நீளமோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு நார் பருக்கும்போது, அதைக் கடந்து செல்லும் அடுத்த நாரையும் ஒட்டிய புள்ளியில் பிடித்து இழுக்கிறது. ஆயிரக்கணக்கான சந்திகளில் இந்தச் சிறு இழுப்புகள் சேர்ந்து தாள் முழுவதும் விரிகிறது. 100க்கு 1 பங்கு விரிந்தாலே போதும், படம் கெட்டுவிடும்.

அந்த 1 பங்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 சென்ரிமீற்றர் அகலமுள்ள தாள் 3 மில்லிமீற்றர் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு ஓரங்களும் நகராமல் நின்றால், கூடிய நீளம் மேலே வளைந்துதான் இடம் தேட வேண்டும். 300 மில்லிமீற்றர் இடைவெளியில் 303 மில்லிமீற்றர் வில்லாக வளைந்தால் நடுவில் எழும் மேட்டின் உயரம் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். மூன்று மில்லிமீற்றர் வளர்ச்சிக்கு ஒரு பெருவிரல் அகல மேடு! அது ஆறு அலைகளாகப் பிரிந்தாலும் ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் உயரம் நிற்கும். வர்ணம் தேங்குவதற்கு அது தாராளம்.

ஓரங்களை ஆணி அடித்து யாரும் பிடிக்கவில்லையே, பிறகேன் பொங்குகிறது என்று கேட்கலாம். காய்ந்திருக்கும் பகுதிதான் பிடித்து வைத்திருக்கிறது. வானம் நனைந்து விரிகிறது. கீழே வர்ணம் படாத வாவியும் கரையும் பழைய அளவிலேயே கிடக்கின்றன. இரண்டும் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டிருப்பதால் விரிந்த பகுதிக்குப் பக்கவாட்டில் போக வழியில்லை, மேலே கிளம்புகிறது. ஆக, குற்றவாளி தண்ணீர் அல்ல, பாதியில் நின்ற தண்ணீர். கடதாசி பொங்குகிறதே என்று பயந்து தூரிகையை ஒட்ட உலர்த்திக்கொண்டு வரைகிற பிள்ளை நேரெதிர்த் திசையில் போகிறது.

இயந்திரத்தில் செய்த கடதாசிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓடும் கம்பிவலையின் மேல் கூழ் விழும்போது நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே அதிகம் படுத்துவிடுகின்றன. நார் பருக்குமே தவிர நீளாது என்பதால் தாள் அந்தத் திசைக்குக் குறுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகமாக விரியும். பாடசாலையில் கிடைக்கும் டிமைத் தாளில் ஒரு சதுரத் துண்டை வெட்டித் தண்ணீரின் மேல் மெல்ல மிதக்க விடுங்கள். நனைந்த அடிப்பக்கம் விரிய, காய்ந்த மேற்பக்கம் விரியாமல் நிற்க, துண்டு குழாயாகச் சுருண்டு எழும். அந்தக் குழாய் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுவே நார்களின் திசை. சில விநாடிகள் கழித்து மேற்பக்கமும் நனைந்ததும் துண்டு தானாகவே விரிந்து படுத்துவிடும். இருபுறமும் ஈரம் சமமானதும் சண்டை ஓய்கிற காட்சி அது. பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். கையால் செய்யும் கடதாசியில் கூழ் எல்லாத் திசையிலும் கலைந்து படிவதால் இந்தப் பாரபட்சம் மிகக் குறைவு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தினர் 1959இல் தொடங்கிய ஆலையில் பருத்தித் துணித் துண்டுகளிலிருந்து அத்தகைய தாள் செய்கிறார்கள்.

தடிப்பும் ஒரு காவல். தாளின் தடிப்பு இரட்டித்தால் வளைவதை எதிர்க்கும் வலிமை எட்டு மடங்காகும், ஏனென்றால் அது தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. சதுர மீற்றருக்கு 640 கிராம் எடையுள்ள நீர்வர்ணத் தாள் எவ்வளவு நனைத்தாலும் ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். அதன் விலை வாவியின் இந்தப் பக்கமான படுவான்கரையில் ஒரு பிள்ளையின் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. 300 கிராம் தாள் நடுத்தரம். அதற்குக் கீழே உள்ள எதையும் முன்னேற்பாடு இல்லாமல் நனைக்கக்கூடாது.

பெரிய ஓவியர்கள் தண்ணீரைக் குறைத்து இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. இங்கிலாந்தின் டர்னர், பலகையில் இழுத்து ஒட்டிய கடதாசியை அப்படியே தண்ணீரில் முக்கியெடுத்து, ஈரத்தின் மேலேயே வர்ணத்தை விட்டார் என்று அவர் வேலை செய்ததைக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1903இல் யப்பானிலிருந்து வந்த ஓவியர் யோகோயாமா தைக்கான் ஈரத் தூரிகையைத் தாளின் மேல் ஓட்டுவதைப் பார்த்தவர், வரைந்த படத்தையே முழுசாகத் தண்ணீரில் அமிழ்த்தத் தொடங்கினார். வர்ணம் தீட்டுவது, காயவிடுவது, அமிழ்த்துவது, மறுபடி தீட்டுவது. ஒட்டாத நிறம் கழுவிப் போக, நாருக்குள் இறங்கியது மட்டும் புகைபோல் மிஞ்சும். 1905இல் அவர் வரைந்த ‘பாரத மாதா’ அப்படி வந்ததுதான். அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். அந்தக் கல்லூரியில் படித்தவர் ஓவியர் எஸ். ராஜம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரின் உருவங்களை நம் மனதில் பதித்த அந்தக் கைக்கு மெல்லிய நீர்வர்ணப் படலங்கள்தான் மொழி. டர்னரும் தாகூரும் தாளைத் தண்ணீரில் முக்கியதன் பயன் இதுதான்: முழுத்தாளும் ஒரே நேரத்தில் நனைந்தால் எந்தப் பகுதியும் எந்தப் பகுதியையும் பிடித்து இழுக்காது.

சாதாரணமாக வரைபவர்களுக்கு உதவும் வழி, தாளை முன்கூட்டியே விரிய வைத்து அந்த நிலையிலேயே ஓரங்களைக் கட்டிப்போடுவது. நான்கு நாடாத் துண்டுகளைக் கை நனையும் முன்னரே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தடவினால் ஒட்டும் பழுப்பு நிறக் கடதாசி நாடாதான் இதற்குப் பொருந்தும். மஸ்கிங் ரேப்பும் செலோரேப்பும் ஈரத்தாளில் பிடிக்காது. அகலமான தட்டத்தில் குளிர்ந்த நல்ல தண்ணீர் எடுத்து, 190 கிராம் தாளை மூன்று நான்கு நிமிடம், 300 கிராம் தாளை ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சுடுநீர் கூடாது. நல்ல நீர்வர்ணத் தாள்கள் பலவற்றின் மேல் ஜெலற்றின் பூசப்பட்டிருக்கும். விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. வர்ணம் நாருக்குள் ஒரேயடியாய் இறங்கி மங்கிப்போகாமல் மேலே நிறுத்துவது அந்தப் பூச்சுத்தான், சூடு அதைக் கரைத்துவிடும். தாளை ஒரு மூலையில் பிடித்து நீரை வடியவிட்டுப் பலகையில் கிடத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளி, ஓரத்து ஈரத்தை மட்டும் ஸ்பொஞ்சால் ஒற்றி, நாடாவின் பாதி தாளிலும் பாதி பலகையிலும் படும்படி ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் தாள் அலையலையாய்த்தான் கிடக்கும். கையை வைக்காமல் விட்டுவிட வேண்டும்.

காயும்போது தாள் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ஓரம் ஒட்டியிருப்பதால் முடியாது. சுருங்க முடியாத அந்த 3 மில்லிமீற்றர் இழுவிசையாகத் தாளுக்குள் தங்கிவிடுகிறது. மட்டக்களப்பில் பறைமேளக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஈரக்காற்றில் தளர்ந்த பறையை நெருப்பில் காட்டினால் தோல் இறுகி ஒலி திரும்புமே, அதே கணக்கு. இப்படி இறுகிய தாளில் மறுபடி தண்ணீர் விட்டால், விரிவு முதலில் சேமித்து வைத்த இழுவிசையைத்தான் தின்னும். அது தீரும்வரை மேடு எழாது.

பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கவும் கூடாது. தண்ணீர் கீழே இறங்கி, அடிப்பக்க நாடா கடைசிவரை ஈரமாகவே இருக்கும். மேற்பகுதி இழுக்கத் தொடங்கும்போது அது வழுக்கிவிடும். நாடா முதலில் காய வேண்டும், தாள் பிறகு. அதனால்தான் வெயிலில் வைப்பதும் ஆகாது.

வாவிக்கரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை வெளிநாட்டுக் கைநூல்கள் சொல்வதில்லை. காய்ந்த கடதாசி என்று ஒன்று கிடையாது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அது எப்போதும் தண்ணீரை வைத்திருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 50 வீதமானால் தாளின் எடையில் சுமார் 6, 7 வீதம் நீர். மாரியில் ஈரப்பதன் 90ஐத் தொட்டால் அது 12ஐத் தாண்டிவிடும். மாரியில் இழுத்து ஒட்டிய தாள் தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும் முழுதாகச் சுருங்கியிருக்காது, இழுவிசையும் குறைவு. வரையத் தொடங்கும் முன் அடுப்படிப் பக்கம் உலர்ந்த மூலையில் சிறிது நேரம் வைப்பது நல்லது. கச்சான் காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். தென்மேற்குக் காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. ஒவ்வொரு 1,000 மீற்றர் இறக்கத்துக்கும் சுமார் 10 பாகை சூடேறி, வறண்டு வந்து சேர்கிறது. அந்தக் காற்றுப்படத் தாளை வைத்தால் நாடா பிடிக்கும் முன்னரே இழுத்துப் பிய்த்துவிடும், மெல்லிய ஹார்ட்போட் பலகை என்றால் அதையே வளைத்துவிடும். கச்சானில் அறைக்குள்ளே, தடித்த பிளைவூட்டில் ஒட்டுவதுதான் முறை.

தண்ணீரும் முக்கியம். வாவியோரக் கிணறுகளில் உவர்த்தன்மை ஏறும் இடங்கள் உண்டு. சாதாரண உப்பு, ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உவர்நீரில் ஊறிய தாள் மாலையானால் தானே ஈரமாகும், காயவும் காயாது. கூரையிலிருந்து பிடித்த மழைநீர் இதற்கு அருமையானது.

பழுப்பு நாடா கிடைக்காவிட்டால் கோதுமை மாவைக் காய்ச்சிய பசையும் பிறவுண் பேப்பர் கீற்றுகளும் போதும். பட்டம் ஒட்டுகிற அதே பசைதான். சீனாவிலும் யப்பானிலும் ஓவியங்களை இழுத்துப் பரப்ப நூற்றாண்டுகளாக மாப்பசையைத்தான் நம்பியிருக்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் இதற்கெல்லாம் நேரம் இராது. அங்கே தாளின் பின்பக்கத்தையும் ஸ்பொஞ்சால் சமமாக நனைத்து, ஒரு பிளாஸ்ரிக் பலகையில் ஒட்ட வைத்துக்கொண்டு வரையலாம். முழுத்தாளும் விரிந்து நிற்கும்வரை படம் தட்டையாகவே இருக்கும். இதைச் சித்திர ஆசிரியர்கள் பரீட்சைக்கு முன் ஒருமுறை செய்து காட்டினால் எத்தனையோ வானங்கள் பிழைக்கும்.

முடிந்த படம் நன்றாகக் காய்ந்த பிறகே பலகையிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். சட்டம் போடும்போது நான்கு ஓரத்தையும் மட்டையில் ஒட்டிவிடாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் சிறு கடதாசிக் கீற்றால் தொங்கவிட்டால் போதும். மாரியில் விரிந்து கச்சானில் சுருங்க அதற்கு இடம் வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீற்றராவது விலகி நிற்கட்டும்.